இருபதுக்கு மேல் ஆகாது

எங்கள் கம்பெனியில் அவரைப் பிடிக்காதவர்கள்தான் அதிகம். அந்தக் கூட்டத்தில் நான் இல்லை என்று பல வருஷம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். இப்போது அப்படிச் சொல்ல வாய் வருவதில்லை.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் இரும்பு வார்க்கும் தொழிற்சாலை அது. நான் டைம் ஆபீஸில் இருந்தேன். யார் எத்தனை மணிக்கு வந்தார்கள், யார் வரவில்லை என்று பார்ப்பதுதான் என் வேலை. அவர் கம்ப்யூட்டர் பிரிவு. பிரிவு என்றால் அவர் ஒருவர்தான். சொந்த ஊர் எளாவூர்ப் பக்கம். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் கூலிக்கு நாற்று நட்டவர்கள். இவர் பாலிடெக்னிக் முடித்துக் காண்ட்ராக்டில் சேர்ந்து, ஏழு வருஷம் ஆகியும் காண்ட்ராக்டிலேயே இருந்தார். கம்ப்யூட்டர் மேடம் என்று கூப்பிடுவார்கள். முதுகுக்குப் பின்னால் வேறு பெயர்களும் இருந்தன, அவற்றை எழுத வேண்டாம்.

நாங்கள் இருவரும் புதுவாயல் கூட்டுரோட்டில்தான் ஷேர் ஆட்டோ பிடிப்போம். வண்டியில் ஏறுவதற்கு முன்னால் அவர் குனிந்து உள்ளே இருக்கும் தலைகளை எண்ணுவார். முழங்காலோடு முழங்கால் இடிக்க நாங்கள் உட்கார்ந்திருப்போம்.

"ஏறு மேடம், இன்னும் ரெண்டு பேரு தாராளமா குந்தலாம்" என்பார் டிரைவர்.

"ஒரு ஆளுக்கு எவ்ளோ எடம் வேணும்னு பார்த்துட்டு அப்புறம் எத்தினி பேருன்னு சொல்லு. நீ போ, நான் அடுத்த வண்டில வரேன்."

வெயிலில் நிற்பார். சில நாள் அவர் ஏறிய வண்டி எங்கள் வண்டியைத் தாண்டிப் போகும். அப்போது எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். பார்த்துச் சிரித்திருந்தாலாவது திட்டியிருக்கலாம்.

அவருடைய குணமே அதுதான். முதலில் ஒன்றுக்கு எவ்வளவு தேவை என்று பார்ப்பார். பார்த்துக்கொண்டே இருப்பார், நமக்குப் பொறுமை போய்விடும். பிறகு ஒரு கணக்குச் சொல்வார். சொன்னது சொன்னதுதான். எதிரில் இருப்பவர் முகம் எப்படிப் போகிறது என்ற கவலையே கிடையாது.

என் மச்சானை அவரிடம் வேலை கற்றுக்கொள்ள விட்டேன். வீட்டில் என் மனைவி நச்சரித்த நச்சரிப்பு அப்படி. இரண்டு நாள் பக்கத்தில் உட்கார வைத்துப் பார்த்தார். மூன்றாம் நாள் என்னையும் அவனையும் எதிரெதிரே நிற்க வைத்துக்கொண்டு சொன்னார்.

"இவரால ஒரு எடத்துல அரை மணி நேரம்தான் குந்த முடியுது சார். அதுக்கு மேல காலு தானா எழுந்துக்குது. இந்த வேல வராது. டெஸ்பேட்ச்ல போடுங்க, ஓடிக்கினே இருக்கணும், நல்லா வருவாரு."

பையன் முகம் சுண்டிவிட்டது. டெஸ்பேட்சில்தான் போட்டேன், நன்றாகவே வந்தான், இன்று அங்கே சூப்பர்வைசர். ஆனாலும் என் வீட்டில் அந்த அம்மாள் பேச்சை எடுத்தால் தட்டு கொஞ்சம் பலமாகத்தான் வைக்கப்படும்.

இனி கேட் விஷயம். கொரோனா சமயத்தில் கைரேகை மெஷினை எடுத்துவிட்டார்கள். தொழிலாளிகளே தங்கள் செல்போனில் வருகை போட வேண்டும் என்று ஆக்கினார்கள். கேட்டுக்கு வெளியே நின்றால் கம்பெனி வைஃபை கிடைக்கும். போனில் ஒரு பக்கம் திறக்கும். டோக்கன் நம்பரைத் தட்டி, முகத்தைப் படம் எடுத்து அனுப்பினால் பெயரும் நேரமும் பச்சையில் வரும். வாட்ச்மேன் அதைப் பார்த்து உள்ளே விடுவார். காலை ஷிப்ட் ஆறு மணிக்கு. ஆறு பத்துக்கு அந்தப் பக்கம் தானாக மூடிக்கொள்ளும். மூடிவிட்டால் அன்றைக்கு ஆப்சென்ட், வீட்டுக்குப் போக வேண்டியதுதான். நிர்வாகம் போட்ட விதி அது. இதைப் போட்ட மேனேஜர் ஒன்பது மணிக்கு வருவார், அவருக்குக் கேட்டும் கிடையாது டோக்கனும் கிடையாது.

நானூறு பேர் ஒரே சமயத்தில் தட்டினால் பக்கம் சுற்றிக்கொண்டே இருக்கும். வரவில்லையே என்று இன்னொரு தரம் தட்டுவார்கள். அதுவும் வராது, பத்து தரம் தட்டுவார்கள். தினமும் இருபது முப்பது பேர் கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டே ஆப்சென்ட் ஆனார்கள். கவரைப்பேட்டையிலிருந்து சைக்கிளில் வந்து, ஐந்து ஐம்பதிலிருந்து நின்று, ஆப்சென்ட். அவர்கள் யாரைத் திட்டுவார்கள்? டைம் ஆபீஸைத்தான். என் அம்மா வரைக்கும் போய்த் திட்டியிருக்கிறார்கள்.

சர்வர் என்று நாங்கள் சொல்லிக்கொண்டிருந்தது அக்கவுண்ட்ஸ் அறை மூலையில் இருந்த ஒரு பழைய பெட்டி. அதைச் சரி செய்யச் சொல்லி மேனேஜர் இவரிடம் தள்ளிவிட்டார். இவர் மூன்று நாள் காலையில் வாட்ச்மேன் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, மடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சர்வரைத் தொடவே இல்லை. "வேடிக்கை பார்க்கத்தான் சம்பளமா?" என்று மேனேஜர் என்னிடம் கேட்டார். நானும் சிரித்துவைத்தேன்.

நான்காம் நாள் எனக்கு விளக்கினார். அவர் பேசியதை அப்படியே தருகிறேன், எனக்குப் புரிந்ததே அவர் பேசிய விதத்தால்தான்.

"ஒருத்தன் போன்ல தட்டினா உள்ள ஒரு ஆளு எழுந்து அவனுக்கு வேல செய்யறான்னு வெச்சிக்கோங்க சார். அந்த ஆளுக்குக் குந்த எடம் வேணும், அதுதான் மெமரி. நம்ம பொட்டில மெமரி நாலு ஜிபி. டேட்டாபேஸ், அது இதுன்னு போக மிச்சம் பாதிகூட இல்ல. ஒரு ஆளு எண்பது எம்பி புடிக்கிறான். அப்போ இருபது பேருதான் குந்தலாம். இது இன்னா பண்ணிக்கினு இருக்குதுன்னா, நூத்தம்பது பேர உள்ள வுடுது. எடம் இல்லாதவன டிஸ்க்ல குந்த வெக்குது. டிஸ்க்கு ஆமை மாதிரி. அவனுக்காக எல்லாரும் நிக்கிறாங்க."

"அதுக்காக இருபது பேரை மட்டும் விட்டா மத்தவங்க?"

"வெளிய நிப்பாங்க. கால் செகண்டுல இருபது பேரு முடிச்சிட்டு வந்துடுவாங்க, அடுத்த இருபது போவும். நானூறு பேருக்கும் அஞ்சு செகண்டு சார்."

வெறும் எண்ணை மட்டும் அவர் மாற்றவில்லை. ஒருவருடைய பெயரைக் காட்டுவதற்காக, வருகை போடும் அந்த நிரல் அவருடைய மாசக் கணக்கு முழுவதையும் வாரி எடுத்துக்கொண்டு வந்ததாம், அதை வெட்டினார். ஒவ்வொரு தடவையும் நிரலை முதல் வரியிலிருந்து படித்துப் புரிந்துகொண்டு ஓட்டியதாம், ஒரு தடவை படித்ததை நினைவிலேயே வைத்திருக்கச் செய்தார். கம்பெனி சின்னமும் மற்றப் படங்களும் அந்த இருபது பேர் கையால் போகாமல் நேராகப் போகும்படி வேறு வழி போட்டார். வேலை முடிந்த பிறகும் ஒவ்வொரு போனுக்கும் பதினைந்து செகண்டு இடம் பிடித்து வைத்திருந்ததைப் பார்த்து அவருக்குக் கோபமே வந்துவிட்டது. "கேன்டீன்ல தின்னு முடிச்சவன் பெஞ்சுல குந்திக்கினு செல்லு பார்த்தா, தட்டு வெச்சிக்கினு நிக்கிறவன் இன்னா பண்ணுவான்?" என்றார். அதை அடியோடு நிறுத்தினார்.

அப்புறம் கேட்டில் நின்று ஒவ்வொரு ஷிப்டுக்கும் கத்தினார்: "ஒரு தபா தட்டு, தட்டிட்டுக் கம்முனு நில்லு!"

அடுத்த திங்கட்கிழமை ஆறு மணிக்கு ஒருவர்கூட வெளியே இல்லை. என் அம்மாவைத் திட்டியவர்களில் ஒருவரே வந்து, "இன்னா சார், தட்டறதுக்குள்ள வந்துடுது!" என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார். வேலை செய்தவர் பக்கத்திலேயே நிற்கிறார், குலுக்கல் எனக்கு. நானும் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

மேனேஜருக்கு மட்டும் அந்த இருபது உறுத்தியது. "வெளியில சொல்லவே அசிங்கமா இருக்கும்மா. ஒரு ஐம்பதாவது வையேன்" என்றார்.

"இருபதுக்கு மேல ஆகாது சார். மெமரி வாங்கிக் குடுங்க, நாப்பது வெக்கிறேன்."

மெமரி வாங்கவில்லை. ஆனால் புது காண்ட்ராக்டர் மூலமாக இன்னும் இருநூறு பேரை எடுத்தார்கள். அவர்கள் காலை ஷிப்டில் சேர்கிற அன்று, கூட்டம் தாங்க ஆறு பத்தை ஆறு கால் ஆக்குங்கள் என்று அவர் எழுதியே கொடுத்தார். அந்தக் காகிதம் எங்கே போனதென்று யாருக்கும் தெரியாது.

அதே நாளில் பொன்னேரியில் அவர் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன். ஏழு வருஷத்தில் அவர் சேர்ந்தாற்போல் எடுத்த முதல் லீவு, இரண்டு நாள். போகும்போது பாஸ்வேர்டை என்னிடம் எழுதிக் கொடுத்தார். "நின்னுபோச்சுன்னா திரும்ப ஓட வுடுங்க சார், போதும். அந்த நம்பர மட்டும் தொடாதீங்க." என்னை நம்பித்தான் கொடுத்தார். வேறு யாரிடமும் கொடுத்ததில்லை.

அன்று காலை தலைமை அலுவலகத்திலிருந்து ஆட்கள் வருவதாக மேனேஜர் ஐந்தரைக்கே வந்துவிட்டார். வாழ்க்கையில் முதல் தடவையாகக் கேட்டில் நின்றார். அறுநூறு பேர். புதியவர்களுக்கு ஒரு தடவை தட்டிவிட்டுச் சும்மா நிற்க வேண்டும் என்று யார் சொன்னார்கள்? விடாமல் தட்டினார்கள். வரிசை மெதுவாகத்தான் நகர்ந்தது, ஆனால் நகர்ந்தது. அதை நான் கண்ணால் பார்த்தேன், அதனால்தான் இதை எழுத எனக்கு இவ்வளவு கசக்கிறது.

மேனேஜர் டைம் ஆபீஸுக்குள் வந்து கதவைச் சாத்தினார். "எவ்வளவு வெச்சிருக்கா?"

"இருபது சார்."

"அறுநூறு பேருக்கு இருபதா? ஏத்துய்யா. முந்நூறு வை."

முடியாது என்று சொல்லியிருக்கலாம். அந்த நம்பரைத் தொடக் கூடாது என்று அவர் சொன்னதைச் சொல்லியிருக்கலாம். உண்மையைச் சொல்கிறேன், மேனேஜர் மேல் இருந்த பயம் மட்டும் என்னை அதைச் செய்ய வைக்கவில்லை. அந்தச் சின்ன எண்மேல் எனக்கும் ஓர் எரிச்சல் இருந்தது. இந்த அம்மாள் சொன்னால் வேதமா என்று ஒரு நினைப்பு. அவருடைய பாஸ்வேர்டால் உள்ளே போய், இருபதை முந்நூறு ஆக்கினேன்.

முதல் ஒரு நிமிடம் சடசடவென்று வந்தது. மேனேஜர் என் தோளைத் தட்டினார். அப்புறம் நின்றுவிட்டது; அக்கவுண்ட்ஸ் அறைக்கு ஓடிப் பார்த்தால் பெட்டியின் விளக்கு அணையாமல் எரிந்துகொண்டிருந்தது. எல்லா போனிலும் சக்கரம் சுற்றியது. திரும்ப ஓட விடலாமென்றால் என் கட்டளையைக் கேட்கவே அதற்கு நேரமில்லை. கடைசியில் மின்சாரத்தைப் பிடுங்கிப் போட்டு, அது எழுந்து வரும்போது ஆறு முப்பது. எழுந்து வந்ததும் நான் முதலில் என்ன செய்தேன் தெரியுமா? முந்நூறை மறுபடி இருபது ஆக்கினேன். வெளியே முந்நூற்றுச் சொச்சம் பேர் ஆப்சென்ட் ஆகி நிற்கிறார்கள், நான் உள்ளே உட்கார்ந்து தடயம் அழித்துக்கொண்டிருக்கிறேன்.

"சிஸ்டத்துல இல்லேன்னா நான் ஒண்ணும் பண்ண முடியாதுப்பா" என்று மேனேஜர் அவர்களை அனுப்பிவைத்தார்.

லீவு முடிந்து வந்த அன்று அவர் நாஷ்டாவுக்குக்கூடப் போகவில்லை. மதியம் ஒரு கட்டுக் காகிதத்தோடு என்னிடம் வந்தார். சர்வர் வேலையை முடிக்காவிட்டாலும், யார் கதவைத் தட்டினார்கள் என்பதைத் தனியாகக் குறித்து வைக்குமாம். ஆறு பத்துக்குள் தட்டிய ஒவ்வொருவரின் டோக்கன் நம்பரும் அதில் இருந்தது. உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கியிருக்கிறார்.

"இவங்க எல்லாம் வந்திருக்காங்க சார். இதக் காட்டி ஆப்சென்ட்ட எடுத்துடலாம்." காகிதத்தை என் மேஜையில் வைத்தார். "அஞ்சு அம்பத்தாறுக்கு நம்பர் மாறியிருக்குது. ஆறு முப்பத்தொண்ணுக்குத் திரும்ப மாறியிருக்குது. ரெண்டும் இந்த மெஷின்ல இருந்து. நீங்களே சொல்லிடுங்க. நான் சொன்னா நல்லா இருக்காது."

சொல்கிறேன் என்றேன். சொல்லத்தான் நினைத்தேன்.

மேனேஜர் அறையில் நாங்கள் மூன்று பேர். மேனேஜர் பட்டியலைப் புரட்டினார். பெரிய ஆள் அவர், எங்கே பிடித்தால் எது உடையும் என்று தெரிந்தவர்.

"இதை எப்படிம்மா நம்பறது? உன் சர்வர்ல யாராவது உள்ளே புகுந்து கை வெச்சிருந்தா இந்த லிஸ்ட்டுக்கும் மதிப்பு இல்லையே. ஆப்சென்ட் ஆப்சென்ட்தான். அப்படி யாராவது கை வெச்சாங்களா?" என்று கேட்டுவிட்டு என்னைப் பார்த்தார். "உனக்கு ஏதாவது தெரியுமாய்யா?"

மேடமும் என்னைப் பார்த்தார்.

"எனக்குத் தெரியாது சார்" என்றேன்.

அந்த அறையில் ஏசி ஓடிக்கொண்டிருந்தது. அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார், கேட்டில் மூன்று நாள் உட்கார்ந்து பார்த்தாரே, அதே பார்வை. கோபமாகப் பார்த்திருந்தால் நான் உடைந்திருப்பேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வது உண்டு. அது பொய்யாகவும் இருக்கலாம்.

"யாரும் கை வெக்கல சார். லிஸ்ட்டு சுத்தமான லிஸ்ட்டு."

"அப்போ உன் செட்டிங்தான் தப்பு."

"ஆமா சார். முந்நூத்திச் சொச்சம் பேருக்கும் பிரசென்ட் போட்டுடுங்க."

போட்டார்கள். மேனேஜரே கேட்டில் நின்று அறிவித்தார், தொழிலாளிகள் கைதட்டினார்கள். டைம் ஆபீஸ் முயற்சி எடுத்துப் பட்டியல் தயாரித்தது என்று நோட்டீஸ் போர்டில் ஒரு வரியும் வந்தது. அந்த மாசக் கடைசியில் அவருடைய காண்ட்ராக்ட் நீட்டிக்கப்படவில்லை. தலைமை அலுவலகத்துக்கு ஒருவர் தலை தேவைப்பட்டது, ஒப்புக்கொண்ட தலை கையில் இருந்தது. கடைசி நாள் அவர் ஒவ்வொரு பிரிவாகப் போய்ச் சொல்லிக்கொண்டு போனார் என்று கேள்விப்பட்டேன். நான் ஸ்டோர்ஸில் போய் உட்கார்ந்துகொண்டேன். அங்கே எனக்கு ஒரு வேலையும் இல்லை.

கண் ஆபரேஷன் செய்த அம்மா, வாடகை வீடு, ஏழு வருஷ அனுபவத்துக்கு எங்கள் கம்பெனி தராத சர்டிபிகேட். எட்டு மாசம் வேலையில்லாமல் இருந்தாராம். புதுவாயலில் எதிரில் பார்த்துவிடுவோமோ என்று நான் அந்த எட்டு மாசமும் பைக்கில் சுற்றுவழியில் போனேன். இதற்கெல்லாம் எனக்குச் சாமர்த்தியம் உண்டு.

இரண்டு வருஷத்தில் வருகைப் பதிவையே வெளியில் ஒரு கம்பெனிக்கு விட்டார்கள். டைம் ஆபீஸை மூடினார்கள். மேனேஜர் பதவி உயர்ந்து போனார். என்னை யாரும் கூப்பிட்டுக்கூடச் சொல்லவில்லை, ஒரு மெயில் வந்தது, அவ்வளவுதான்.

அலைந்து திரிந்து, கவரைப்பேட்டை அருகே உதிரிபாகம் செய்யும் ஒரு சின்னத் தொழிற்சாலையில் ஆள் கேட்கிறார்கள் என்று போனேன். முதலாளி வயதானவர், தெலுங்கு கலந்து பேசுபவர், நல்ல மாதிரி. என் பழைய கம்பெனி பெயரைப் பார்த்ததும், "அட, நம்ம மேடமும் அங்கதானே இருந்தாங்க" என்று கதவுப் பக்கம் திரும்பிக் கூப்பிட்டார்.

வந்தார். கொஞ்சம் நரைத்திருந்தது. என்னைப் பார்த்து ஒரு தலையசைப்பு, அவ்வளவே. அம்மாவுக்குக் கண் எப்படி இருக்கிறது என்று கேட்க நினைத்தேன். எந்த வாயால் கேட்பது?

"இவர உனக்குத் தெரியுமாம்மா? நல்லா வேல செய்வாரா?" என்றார் முதலாளி.

மேடம் என்னைப் பார்த்தார். சொல்ல வந்தால் எல்லாவற்றையும் சொல்லட்டும், எழுந்து போய்விடலாம் என்று இருந்தது. இல்லை, பெருந்தன்மையாக ஒரு வார்த்தை நல்லதாகச் சொல்லி என்னைச் சாகடிக்கட்டும் என்றும் இருந்தது. அவர் இரண்டையும் செய்யவில்லை.

"நல்லா வேல செய்வாரு நைனா. டைமுக்கு வருவாரு, கணக்குத் தப்பாது. தப்பு நடந்தா மட்டும் இவரக் கேக்காதீங்க, சொல்ல மாட்டாரு. நீங்களே பார்த்துக்கணும்."

என் எதிரிலேயே சொன்னார். சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டார். முதலாளி கொஞ்ச நேரம் பேனாவை உருட்டினார். பிறகு, "பரவால்ல, அதுக்கு ஏத்த மாதிரி வெச்சிக்கலாம்" என்று சேர்த்துக்கொண்டார்.

மூன்று வருஷம் ஆகிறது. சம்பளம் ஒழுங்காக வருகிறது, மரியாதையாகத்தான் நடத்துகிறார்கள். ஸ்டோர்ஸில் சரக்கு குறைந்தாலோ, பில் மாறிப்போனாலோ, ஆபீஸில் இருக்கும் ஐந்து பேரில் நான்கு பேரைக் கூப்பிட்டு விசாரிப்பார்கள். நான் என் மேஜையில் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பேன், என்னிடமும் வருவார்கள் என்று. முதலாளி என்னைத் தாண்டிப் போய் அலமாரியைத் திறந்து, அவரே ஃபைலை எடுத்துப் பார்ப்பார்.